முப்பத்து நான்கு மருந்துச் சீட்டுகளும் ஒரு கோடும்: பைபோலாரா, ஸ்கிசோஃப்ரினியாவா? ஒரு நிகழ்வு ஆய்வு

அக்காதான் முதலில் உள்ளே வந்தார். கையில் தடிமனான ஒரு ஃபைல், நாடா அறுந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. தம்பி வெளியே வராந்தாவில் காவலாளியிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தும் ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டது.

"எட்டு வருஷமா ஸ்கிசோஃப்ரினியா, டாக்டர். மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்கான், விட்டா வந்துடுது. மூணு மாசமா சாப்பிடல. இந்தத் தடவை ரொம்ப மோசம்."

மேற்கொண்டு சொல்வதற்கு முன் இரண்டு விளக்கங்கள். ஸ்கிசோஃப்ரினியா என்பது, இல்லாத குரல் கேட்பதும் தவறான நம்பிக்கைகளும் வரும் மனநோய்; பைபோலார் என்பது, மனநிலை சில காலம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் (அதுதான் மேனியா) சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய். இன்னொன்று: இங்கே வருபவர் ஒரே ஆள் இல்லை. வெவ்வேறு நோயாளிகளிடம் கண்டவற்றைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி உருவாக்கிய ஒருவர். நோயின் போக்கும் நாங்கள் தடுமாறிய இடங்களும் மாற்றப்படவில்லை.

வந்தபோது இருந்த நிலை

வயது 29. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பதினோரு நாட்களாக இரவில் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம்தான் தூக்கம், ஆனால் களைப்பு துளிகூட இல்லை. ஐந்தாவது நாள் வேலையை விட்டுவிட்டார். அதற்கடுத்த நாட்களில் மூன்று பேரிடம் பெரிய தொகையாகக் கடன் வாங்கியிருக்கிறார். எல்லா மொழிகளுக்கும் அடியில் ஒரே எண் வரிசை ஓடுகிறது, அதைத் தான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறார். அலுவலகத்தில் இருப்பவர்கள் அதைத் திருடப் பார்க்கிறார்கள், தன் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்றும் நம்புகிறார்.

அந்த எண் வரிசையை எழுதிய நோட்டை அவரே நீட்டினார். முதல் பக்கங்களில் கணக்கர் கையெழுத்து: பொடிப்பொடியாக, பக்கத்துக்கு முப்பது வரி. பத்துப் பக்கம் தள்ளினால் எழுத்து பெருத்து வரி பாதியாகிவிட்டது. அப்புறம் பக்கத்துக்கு ஆறு வரி. கடைசிப் பக்கங்களில் பக்கத்துக்கு ஒரே சொல், பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. எந்தப் பரிசோதனைக் கருவியும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

குரல் கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்றார். ஒரு ஆணின் குரல். "நீதான் சரியான ஆள்" என்கிறது. அதோடு விடுவதில்லை. இவர் செய்வதை எல்லாம் ஓடும் வர்ணனைபோல் சொல்லிக்கொண்டே வருகிறது: "பேனாவை எடுக்கிறான், இப்போ எழுதப்போறான், டாக்டரைப் பார்க்கிறான்." சில யோசனைகள் தன்னுடையவை அல்ல, வெளியிலிருந்து தலைக்குள் வைக்கப்படுகின்றன என்றும் சொன்னார்.

இந்த ஒரு பத்தியை மட்டும் தேர்வுத்தாளில் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்றுதான் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர், வர்ணனை செய்யும் குரல், எண்ணங்கள் உள்ளே திணிக்கப்படுவதாகத் தோன்றுவது போன்றவற்றை "முதல் தர அறிகுறிகள்" என்று வகுத்துவைத்தார். மூளையில் வேறு கோளாறு இல்லாதவரிடம் இவை இருந்தால் ஸ்கிசோஃப்ரினியா என்று பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். மேனியா உச்சத்தில் இருப்பவர்களிடமும் இதே அறிகுறிகள் வருவதுண்டு என்பது பின்னால்தான் உறுதிப்பட்டது. ஆனாலும் பழைய பாடம் கையை விட்டு எளிதில் போவதில்லை.

அறைக்குள் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நான் குறிப்பு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், நீங்க எழுதுற வேகம் பத்தாது. ஆள் வச்சு எழுதுங்க, சம்பளம் நான் தரேன்" என்றார். சிரித்துவிட்டேன். அக்காவும் கண்ணீரோடு சிரித்தார். மேனியாவில் இருப்பவர் தன் உற்சாகத்தை எதிரில் இருப்பவருக்கும் ஒட்டவைத்துவிடுவார், மருத்துவர் தப்புவது கடினம். ஸ்கிசோஃப்ரினியாவில் பல நேரம் இதற்கு நேர்மாறாக, இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் இருப்பதுபோல் தோன்றும். இப்படி மனதுக்குப் படுவதை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக்கூடாது. ஆனால் அதைக் குறித்துவைப்பதில் தவறில்லை. நான் குறித்துவைத்தேன்.

ஃபைலைப் பிரித்தபோது

முப்பத்து நான்கு மருந்துச் சீட்டுகள். மூன்று மருத்துவமனைகள், ஐந்து மருத்துவர்கள். தேதி வாரியாக மேசைமேல் அடுக்கினேன். எட்டு வருடம் முந்தைய முதல் சீட்டில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்று இருந்தது. இரண்டாவதில் 'ஏற்கெனவே கண்டறியப்பட்ட ஸ்கிசோஃப்ரினியா'. அதற்கடுத்தவற்றில் வெறும் முதலெழுத்து. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். முதல் சீட்டை எழுதியவர் அன்று பார்த்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதினார். தவறு அதற்குப் பின்னால் நடந்தது. புதிதாக என்ன நடந்தாலும் பழைய பெயருக்குள் மடக்கி வைத்துவிட்டார்கள்.

அக்காவிடம் கேட்டேன். "உடம்பு சரியில்லாதப்ப எப்படி இருந்தார்னு இதுல எல்லாம் எழுதியிருக்காங்க. நல்லா இருந்தப்ப எப்படி இருந்தார்?"

அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. "அதை யாரும் கேட்டதில்ல டாக்டர்" என்றார். அப்புறம் சொல்லத் தொடங்கினார், நாற்பது நிமிடம் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளின் குறுக்கே கோடு போட்டு, மேலே உற்சாகம், கீழே சோர்வு என்று வைத்துக்கொண்டு வருடவாரியாகக் குறித்துக்கொண்டே வந்தேன்.

21 வயது. கல்லூரியில் கடைசி வருடம். மருத்துவமனைப் பதிவு இப்படித் தொடங்குகிறது: 'நான்கு நாட்களாகக் குரல் கேட்கிறது, பிறர் தீங்கு செய்வதாக எண்ணம்.' அக்காவுக்கு அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நினைவிருக்கிறது. எந்நேரம் விழித்துப் பார்த்தாலும் தம்பியின் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்ததாம். படிக்கிறான் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் ஓயாத பேச்சு, இதுவரை பழகாதவர்களுக்கெல்லாம் போன், தான் ஒரு பெரிய காரியத்துக்காகப் பிறந்தவன் என்ற எண்ணம். குரல் வந்தது கடைசியில்தான். முதலில் தூக்கம் போனது, பிறகு வேகம் கூடியது, பெருமை ஏறியது, அதற்கும் பிறகுதான் குரல். பதிவில் அந்தக் கடைசிப் படி மட்டும் இருந்தது. சேர்த்து சிகிச்சை கொடுத்த ஆறு வாரத்தில் முழுதாகக் குணமாகி, அடுத்த தேர்வில் படிப்பை முடித்துவிட்டார்.

23 வயது. நான்கு மாதம் படுக்கையே கதி. பேச்சில்லை, குளியலில்லை, யாரையும் பார்க்கவில்லை. சீட்டில் 'நெகட்டிவ் அறிகுறிகள் அதிகரித்துள்ளன' என்று எழுதி, குரலையும் தவறான நம்பிக்கைகளையும் அடக்கும் ஆன்டிசைக்கோடிக் மருந்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த இரண்டு நோய்களையும் குழப்பிக்கொள்வது பெரும்பாலும் குரலில்தான் என்று நினைப்போம். என் அனுபவத்தில் மௌனத்திலும் அதே அளவு நடக்கிறது. ஒருவர் அசையாமல், பேசாமல், முகத்தில் ஒன்றும் தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஸ்கிசோஃப்ரினியாவின் நெகட்டிவ் அறிகுறிகளாக இருக்கலாம்: ஆசை, முனைப்பு, உணர்ச்சி மூன்றும் வற்றிப்போன நிலை. பைபோலாரின் மனச்சோர்வுக் கட்டமாக இருக்கலாம். மருந்தே காரணமாகவும் இருக்கலாம். ஆன்டிசைக்கோடிக் மருந்துகள் சிலருக்குப் பார்க்கின்சன் நோய்போல விறைப்பையும் மந்தத்தையும் முகமூடி போட்டதுபோன்ற முகத்தையும் கொண்டுவந்துவிடும். வாசலில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை மூன்றரைக்கே தம்பிக்கு விழிப்பு வந்துவிடும், காலையில் மிகமிகக் கனமாக இருப்பான், சாயங்காலம் கொஞ்சம் தேறுவான். சாப்பாடு இறங்காமல் எடை ஒன்பது கிலோ குறைந்தது. "நான் உங்க எல்லாருக்கும் பாரம்" என்று அழுவானாம். செத்துப்போகலாம் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான். உணர்ச்சி வற்றிப்போனவர் இப்படிக் குற்ற உணர்வில் அழமாட்டார். இவருக்கு உணர்ச்சி வற்றவில்லை, அதன் பாரம் தாங்காமல்தான் படுத்துக்கிடந்தார். அந்த நேரத்தில் மருந்தை இரட்டிப்பாக்கியது மந்தத்தைத்தான் கூட்டியிருக்கும்.

24 முதல் 26 வரை. அக்கா இந்தக் காலத்தைச் சீக்கிரம் கடந்துபோகப் பார்த்தார், சொல்ல ஒன்றுமில்லை என்று. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சோர்விலிருந்து மீண்டு வேலையில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். அதன்பின் பதினான்கு மாதம் எந்த மருந்தும் இல்லாமல் குரல் இல்லை, சந்தேகம் இல்லை, வேலையில் குறை இல்லை. ஆண்டு இறுதிக் கணக்கை இவரிடம்தான் ஒப்படைப்பார்களாம்.

26 வயது. மறுபடி சோர்வு. வேறொரு மருத்துவர் மனச்சோர்வு என்று சரியாகக் கண்டுபிடித்து, வெறும் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தார். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. நான்காவது வாரம் குரல் வந்தது. பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமன்செய்யும் மருந்து துணைக்கு இல்லாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் சிலர் நேராக மேனியாவுக்குத் தாவிவிடுவார்கள். நடந்தது அதுதான். ஆனால் மருத்துவமனையில் அதை 'ஸ்கிசோஃப்ரினியா மீண்டும் தீவிரமடைந்தது' என்று எழுதி அனுப்பிவைத்தார்கள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று கேட்டதற்கு முதலில் இல்லை என்றார். கிளம்பும்போது கதவருகே நின்று, "பெரியப்பா ஒருத்தர் இருந்தார். ஒரு சமயம் இருக்கிறதையெல்லாம் வித்துச் செலவு பண்ணுவார், அப்புறம் ஆறு மாசம் யார்கிட்டயும் பேசமாட்டார். அவர் சுபாவம் அப்படின்னு விட்டுட்டாங்க" என்றார். இதைத் தனி ஆதாரமாக வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. இரண்டு நோய்களுக்குமே மரபணுப் பங்கு பெரிது, அதில் கணிசமான பகுதி இரண்டுக்கும் பொது. 2009இல் வெளியான பெரிய மரபியல் ஆய்வுகள் இதைக் காட்டின. ஆனாலும் தாளில் பெரியப்பாவுக்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்தேன்.

சோதனைகள்

தைராய்டு, சிறுநீரகம், ரத்தச் சர்க்கரை, கால்சியம், ஈசிஜி, சிறுநீரில் போதைப்பொருள் சோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் இயல்பு. கஞ்சாவும், ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கிகளும், ஸ்டீராய்டு மாத்திரைகளும், தைராய்டு மிகையாகச் சுரப்பதும் இதே காட்சியை அப்படியே நடித்துக்காட்டும். அதனால்தான் இவை. பைபோலாரையோ ஸ்கிசோஃப்ரினியாவையோ காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. இருக்கிறது என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

என்ன முடிவு, எதனால்

முதல் வகை பைபோலார் கோளாறு, அதாவது முழு மேனியா வரும் வகை. இப்போது இருப்பது மேனியாக் கட்டம், சைக்கோசிஸ் அறிகுறிகளோடு, அதாவது இல்லாத குரலும் தவறான நம்பிக்கைகளும் சேர்ந்து.

குரல் கேட்கிறதா என்பது இரண்டு நோய்களையும் பிரிக்காது. முதல் வகை பைபோலார் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது சைக்கோசிஸ் வருகிறது. பிரிப்பது வேறொரு கேள்வி: மனநிலை சமமாக இருக்கும்போதும் குரல் கேட்கிறதா? பைபோலாரில் குரலும் தவறான நம்பிக்கைகளும் மனநிலையின் முதுகில் ஏறி வந்து அதோடேயே இறங்கிப்போகும். ஸ்கிசோஃப்ரினியாவில் அவற்றுக்கு மனநிலையின் துணை தேவையில்லை. இவருக்கு எட்டு வருடத்தில் குரல் கேட்டது மூன்றே காலகட்டங்களில். மூன்றிலும் அதற்கு முன் தூக்கம் போயிருக்கிறது, வேகம் ஏறியிருக்கிறது. கோட்டின் மற்ற பகுதி முழுக்கக் குரல் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று ஒரு பெயர் உண்டு. 1933இல் ஜேக்கப் காசனின் வைத்தது. மனநிலைக் கட்டமும் இருக்கும். அது எதுவும் இல்லாத நேரத்தில் குறைந்தது இரண்டு வாரமாவது குரலோ தவறான நம்பிக்கையோ தனித்து நிற்கும். குழப்பம் வந்தால் போட்டுவைக்கும் கூடையாக இதைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. நான் அந்த இரண்டு வாரத்தைத் தேடினேன், இவரிடம் கிடைக்கவில்லை.

கால அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 கணக்குப்படி மேனியாவுக்கு ஒரு வாரம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு இருந்தால் அதுகூடத் தேவையில்லை. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, முன்னும் பின்னும் உள்ள சரிவுக் காலத்தையும் சேர்த்து மொத்தம் ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 ஒரு மாதம் போதும் என்கிறது. எந்தக் கணக்கானாலும், முதல் வாரத்திலேயே ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதுவதற்கு நியாயம் கிடையாது. அவசரமானால் 'சைக்கோசிஸ், காரணம் பார்க்கப்படுகிறது' என்று எழுதலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நாள்காட்டியை வைத்து நோயைப் பிரிக்கும் இந்த வழி பழையது. 1899இல் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில், இளமையில் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும் ஒரு நோயையும், வந்து வந்து விலகி நடுவில் ஆளைப் பழையபடி விட்டுவிடும் ஒரு நோயையும் இரண்டாகப் பிரித்தார். ஒருநாள் காட்சியை மட்டும் அவர் நம்பவில்லை, ஒவ்வொரு நோயாளிக்கும் அட்டை போட்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். ஸ்கிசோஃப்ரினியாவில் சரிவு நிச்சயம் என்று அவர் நினைத்தது மட்டும் பொய்த்துவிட்டது. நன்றாகத் தேறுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைக் கொண்டுவந்தார். பிளவுபட்ட மனம் என்று பொருள். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். அதை ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் என்று எடுத்துக்கொண்ட சினிமாக்களின் கணக்கு தனி. தமிழில் நாம் சொல்லும் 'மனச்சிதைவு'ம் எனக்கு உவப்பான சொல் அல்ல. சிதைந்தது திரும்பாது என்ற தொனி அதில் இருக்கிறது. ஜப்பானியர்கள் 2002இல் தங்கள் மொழியில் இருந்த 'மனப்பிளவு நோய்' என்ற பழைய பெயரையே மாற்றிவிட்டார்கள். நாமும் யோசிக்கலாம்.

1960களின் பிற்பகுதியில் நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஒரு கூட்டு ஆய்வு நடந்தது. நியூயார்க்கில் ஸ்கிசோஃப்ரினியா அதிகம், லண்டனில் மேனியாவும் மனச்சோர்வும் அதிகம் என்று பதிவுகள் காட்டின. ஒரே மாதிரியான கேள்விமுறையை வைத்து நோயாளிகளை மறுபடி பார்த்தபோது அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டது. வேறுபாடு நோயாளிகளைவிட மருத்துவர்களின் பேனாவில்தான் அதிகம் இருந்திருக்கிறது. 1980இல் வந்த டிஎஸ்எம்-3 அளவுகோல்களை இறுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் தவறிய இடம்

மற்றவர்களின் சீட்டுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என் சீட்டை மறைப்பது சரியாக இருக்காது. இதற்குச் சில வருடம் முன்பு 22 வயதுப் பெண் ஒருவரை அவர் அம்மா அழைத்துவந்தார். நான்கு இரவாகத் தூங்கவில்லை, ஓயாத பேச்சு, அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். மேனியா என்று எழுதி மனநிலையைச் சமன்செய்யும் லித்தியமும் ஒரு ஆன்டிசைக்கோடிக்கும் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் அமைதியானார். கணிப்பு சரி என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நான்காவது தடவை வந்தபோது எட்டு மணி நேரம் தூங்குவதாகச் சொன்னார். மனநிலை சமம். வழக்கமாகக் கேட்பதுதான் என்று, "குரல் எதுவும் இல்லையே?" என்றேன்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, டாக்டர்."

மின்விசிறி ஓடுகிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் முதலிலிருந்து கேட்டேன். இரண்டு வருடமாகத் தோழிகளோடு பேச்சில்லை. நன்றாக வரைவாள், நிறுத்திவிட்டாள். ஒரு வருடமாகக் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள். மதிப்பெண் மெதுவாக இறங்கி, பிறகு கல்லூரிக்கே போகவில்லை. நான்கு இரவு தூங்காததற்குக் காரணமும் உற்சாகம் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் உள்ளே வந்துவிடாமல் காவல் காத்திருக்கிறாள். தூக்கம் 'தேவைப்படவில்லை' என்பதும் 'பயத்தில் தூங்கவில்லை' என்பதும் வேறு வேறு. நான் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டிருந்தேன். மாணவர்களுக்கு அடிக்கடி சொல்லும் விஷயம் இது, அன்று எனக்கே தவறிவிட்டது.

பேச்சிலும் துப்பு இருந்தது. அன்று எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கணக்கர் தம்பி இப்படிப் பேசுவார்: "உங்க பேனா நீலம், வானமும் நீலம், வானத்துல விமானம் போகுது, விமானம் ஓட்டக்கூட நான் ஒரு வாரத்துல கத்துக்குவேன்." தாவல்தான், ஆனால் எந்தப் படியில் கால் வைத்துத் தாவினார் என்பது தெரியும். அந்தப் பெண் சொன்னது: "கதவு ஞாயிற்றுக்கிழமை ஆகிட்டதால என் பேரைக் கழுவி வச்சிட்டாங்க." படிகளே இல்லை. இரண்டையும் 'அதிகப் பேச்சு' என்ற ஒரே சொல்லில் எழுதியிருந்தேன்.

அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா. லித்தியத்தை நிறுத்தினேன். இரண்டு மருந்துகள் போதிய பலன் தராமல் மூன்றாவதாகக் க்ளோசபின் கொடுத்தோம், வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டே. இப்போது குரல் மிகவும் மெல்லிசாகிவிட்டது. மறுபடி வரைகிறார்.

சிகிச்சையும் அதற்குப் பின்னும்

கணக்கரிடம் திரும்புவோம். சேர்த்தவுடன் ஓலன்சபின் என்ற ஆன்டிசைக்கோடிக், சோதனை முடிவுகள் வந்தபின் லித்தியம். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மேனியாவுக்குப் பலன் தருவதாகக் கண்டறிந்த எளிய உப்பு அது (சமையல் உப்பு அல்ல). கட்டங்கள் திரும்புவதைத் தடுப்பதோடு தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதுதான் சங்கடம். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் லிட்டருக்கு 0.6 மில்லிமோல், அளவைக் கூட்டியபின் 0.9.

தூக்கம் முதலில் திரும்பியது. பிறகு பேச்சு நிதானப்பட்டது. "அந்த ஆள் தூரமா நின்னு பேசுறான் டாக்டர்" என்றார் ஒன்பதாம் நாள். பன்னிரண்டாம் நாள் குரல் இல்லை. நோட்டு வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

பெயர் மாறியதைச் சொன்ன நாள்தான் கடினமான நாள். அக்காவுக்கு ஆறுதல், தம்பிக்குக் கோபம். "அப்போ இந்த எட்டு வருஷம்?" என்று கேட்டார். நேர்மையான பதில் ஒரே சொல்லில் இல்லை. அவருக்குக் கொடுத்த ஆன்டிசைக்கோடிக் மருந்து மேனியாவையும் அடக்கும், ஆக அது வீண் இல்லை. ஆனால் லித்தியம் எட்டு வருடம் தாமதமாகியிருக்கிறது. மனச்சோர்வுக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை. மேல்படிப்பு, பதவி உயர்வு, கல்யாணம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று யாரோ ஒருவர் சொல்லியிருந்ததை அவர் அப்படியே நம்பியிருந்தார். ஸ்கிசோஃப்ரினியா உள்ளவரிடமும் அப்படிச் சொல்லக்கூடாது என்று சொன்னேன். அன்று அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

ஏழாம் மாதம் ஓலன்சபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். கணிப்புக்கு உண்மையான பரீட்சை இதுதான், அந்த வாரங்களில் எனக்கும் கொஞ்சம் படபடப்பு. குரல் திரும்பவில்லை. பத்தாம் மாதம் சோர்வு எட்டிப்பார்த்தது, விடியற்காலை விழிப்போடு. சாகலாம் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன், அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இல்லை என்றார். மனநிலையைச் சமன்செய்யும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் சேர்த்தோம். கடுமையான தோல் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அதை மிக மெதுவாகத்தான் ஏற்ற முடியும். வாரங்கள் பிடித்தன, ஆனால் வேலையை விடாமல் தாண்டிவிட்டார்.

ஒரே ஒரு பயம். பல்வலிக்குத் தானாக மருந்துக் கடையில் ஐபுப்ரோஃபன் வாங்கி ஒரு வாரம் விழுங்கியிருக்கிறார். கை நடுங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை என்று அக்காவிடமிருந்து போன் வந்தது. லித்தியம் அளவு 1.3. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகம் வழியாக லித்தியம் வெளியேறுவதைத் தடுத்துவிடும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீர் வறண்டுபோவதும் அதையே செய்யும். இரண்டையும் நிறுத்தி, அளவு இறங்கியபின் லித்தியத்தை மட்டும் தொடர்ந்தோம். இதை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதிய தாள் ஃபைலுக்குள் போய்விட்டது. இப்போது அது அவர் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறதாம்.

அக்காவும் தம்பியும் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. அடுத்தடுத்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கினால், மூன்றாம் நாள் காலை தம்பியே எனக்குப் போன் செய்ய வேண்டும். அவர் மறந்தால் அக்கா செய்வார், அதற்காகத் தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது. இதுவரை நான்கு போன்கள் வந்திருக்கின்றன. அவற்றில் மூன்று போன்கள், ஆண்டு இறுதிக் கணக்கு வேலையால். ஒன்றுக்கு மட்டும் சில நாள் மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

மருந்து தொடங்கி இருபத்தாறு மாதம் ஆகிறது. சென்ற முறை வந்தபோது ஃபைலில் ரப்பர் பேண்டு இல்லை, புது நாடா கட்டியிருந்தார். முதல் பக்கத்தில் அந்த வெள்ளைத்தாள், கோட்டை அவரே ஸ்கேல் வைத்து நீட்டியிருக்கிறார். கையெழுத்து பொடிப்பொடியாக இருந்தது. லித்தியம் 0.7, தைராய்டு இயல்பு, தூக்கம் ஏழு மணி நேரம். அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து.